அக்கினேஸின் நாலு குடம்

அன்றைக்கு இந்தத் தீவில் இருந்தவர்கள் பத்தொன்பது பேர். சொல்கிறேன், கேளுங்கள். கைத்தான், அவர் மனைவி திரேசம்மா, மகன் அமலன், மருமகள் பொலின், அவளுடைய இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆறு. வள்ளக்கார எமலியானும் மனைவியும் மூன்று இளந்தாரிப் பெடியன்களும். பதினொன்று. சூசைமுத்து, அவன் பெண்சாதி, படுக்கையில் கிடந்த அவன் தாய். பதினான்கு. கடலட்டை பிடிக்க முக்குளிக்க வந்து, காற்று எழும்பியதால் திரும்பிப் போக முடியாமல் நின்ற இரண்டு பெடியன்கள். அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, ஆனாலும் அன்று இங்கேதான் படுத்து எழும்பினார்கள். பதினாறு. என் தம்பி பெண்சாதி அக்கினேஸ், அவள் மகள் யூடித். பதினெட்டு. நான் ஒன்று. நாய்களை எண்ணவில்லை.

அந்தத் தாழியில் கை வைக்காதீர்கள் தம்பி. கோபமாகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தாகம் என்று தெரிகிறது. விளக்குக் கம்பம் நட இடம் பார்த்துக் காலையில் இருந்து வெயிலில் நடந்திருக்கிறீர்கள். இதோ, இந்தக் குடத்தில் இருப்பது என் தண்ணீர், இதைக் குடியுங்கள். கொஞ்சம் உவர்க்கும். இரண்டு வாய் குடித்தால் மூன்றாவது வாய்க்குப் பழகிவிடும். தாழியில் இருப்பது நல்ல மழைத் தண்ணீர்தான். ஆனால் அதற்கு ஆள் இருக்கிறது.

நீங்கள் கரையூரில் இருந்து வருகிறீர்கள் என்று வள்ளத்தில் சொன்னீர்களாம். அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன். மற்றப்படி நான் கதைக்கிற ஆள் இல்லை. கோயில் மூப்பர் என்றால் வாய் ஓயாமல் கதைப்பார் என்று நினைப்பார்கள். நான் மணி அடிப்பேன், விளக்குக்கு எண்ணெய் விடுவேன், சுவாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் சொல்லுவேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் எண்ணத் தெரியும். எண்ணினால் பிழைக்காது.

மூன்று வருடத்துக்கு முந்தி, இதே ஆவணி மாதம். ஆவணியில் இங்கே மழை பெய்யாது. சோளகக் காற்றுத்தான் அடிக்கும். கிணறு உவராகிவிடும். குடிக்கிற தண்ணீர் பெரிய தீவில் இருந்து பிளாஸ்டிக் கான்களில் வள்ளத்தில் வரவேண்டும். அந்த வருடம் சோளகம் என்றால் சும்மா சோளகம் இல்லை. ஒன்பது நாள் வள்ளம் வரவில்லை. எமலியானின் வள்ளத்தையும் கரையில் இழுத்துக் கட்டிவிட்டோம். எல்லாரும் உவர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தோம். பெரியவர்களுக்கு வயிறு இரைந்தது, அவ்வளவுதான். பொலினின் பிள்ளைகள் இரண்டுக்கும் வயிற்றோட்டம். சின்னவனுக்குக் கண் உள்ளே போய்விட்டது. அழுகிறான், கண்ணீர் வரவில்லை. இதை மறக்காமல் வைத்திருங்கள் தம்பி. பிறகு ஆட்கள் இதைச் சொல்லமாட்டார்கள். மீனைப் பற்றித்தான் சொல்லுவார்கள்.

மீன் அக்கினேஸுடையது.

என் தம்பி கடலில் போய் அப்போது ஐந்து வருடம். வள்ளம் வந்தது, அவன் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் மீன் வாங்கி, வெட்டி, உப்பிட்டுக் காயவைத்துக் கருவாடாக்கி விற்றுத்தான் பிள்ளையை வளர்த்தாள். இந்தச் சோளகத்துக்கு முந்தின மாரியில் அவளுடைய வீட்டுக் கூரையைக் காற்று கொண்டுபோய்விட்டது. அந்த மாரி முழுக்கத் தாயும் மகளும் இந்தக் கோயில் விறாந்தையில்தான் படுத்தார்கள். கரையூரில் அவளுக்குத் தமையன் ஒருவன் இருக்கிறான். அவன் சொல்லிவிட்டான், வாற மாரிக்கு முதல் கூரை போடு, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டு, நான் வந்து ஏற்றிக்கொண்டு போவேன் என்று. அவளுக்குப் போக விருப்பம் இல்லை. "அவர் கிடக்கிற கடலை விட்டிட்டு நான் எங்க போறது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறாள்.

அந்தச் சோளகத்துக்கு முந்தி கட்டா மீன் குவியலாகப் பட்டது. அவள் அவ்வளவையும் வாங்கிப் போட்டாள். அக்கரைக் கருவாட்டு முதலாளியோடு பேச்சு முடிந்தது. வள்ளம் வருகிற அன்று அவர் கூரைத் தகரத்தை இறக்குவார், கருவாட்டை ஏற்றுவார். பண்டமாற்றுத்தான். பரண் நிறைய மீன். முக்கால்வாசி காய்ந்திருந்தது. இன்னும் மூன்று வெயில் கண்டால் போதும் என்று யூடித் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. நான் பெரியப்பா என்ற உரிமையில், "தகரம் வந்தா மழை பெய்யேக்க சத்தம் கேக்கும் என்ன பெரியப்பா?" என்று கேட்டது. கேட்கும் என்று சொன்னேன்.

இனிப் படங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். படங்கு தெரியும்தானே, தடித்த துணி, தண்ணீர் ஊறாது, வள்ளங்களை மூடுகிறது. கோயிலுக்கென்று ஒரு பெரிய படங்கு இருக்கிறது. இந்தத் தீவில் வீடுகளுக்குத் தென்னோலைக் கிடுகுதான் கூரை, அதில் விழுகிற தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். கோயில் ஓட்டில் கடற்பறவைகள் இருந்து எச்சம் போடும். ஆகவே மழை வந்தால் கோயில் முற்றத்தில் படங்கை விரித்து, நான்கு பக்கமும் உயர்த்தி, ஒரு மூலையைப் பதித்துத் தண்ணீர் பிடிப்போம். முந்தி ஒரு காலத்தில் ஆவணி மழை ஒன்றில் தண்ணீருக்குச் சண்டை வந்து ஒருவன் கையில் கத்தி விழுந்ததாம். அதற்குப் பிறகு அப்போது மூப்பராக இருந்த என் அப்பா ஒரு முறை வைத்தார். தீவில் முதல் நாள் இரவு படுத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பங்கு. பிடித்தவனுக்கும் பங்கு, படுக்கையில் கிடப்பவனுக்கும் பங்கு. எல்லாப் பங்கும் ஒன்று. பங்கு சரிவராமல் படங்கை மடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு சண்டை இல்லை.

படங்கு அன்று அக்கினேஸிடம் இருந்தது. இரவில் மீன் மேல் பனி விழாமல் மூட இரவல் கேட்டாள், நான்தான் கொடுத்தேன். தம்பி பெண்சாதி என்று கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் கொடுத்திருப்பேன். ஆனால் ஆட்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. கைத்தான் ஒரு நாள் சொன்னார், "மூப்பற்ர குடும்பத்து மீனுக்கு மட்டும் கோயில் போர்வை." பகிடிக்குச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காலைமணி அடித்துவிட்டு இறங்குகிறேன், தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. எமலியான் கடற்கரையில் நின்று மூக்கை உயர்த்தினான். "மூப்பர், மழை மணக்குது," என்றான். முதல் துளி என் கையில் விழுந்தது. நான் படங்கை எடுக்க அக்கினேஸ் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைக்கிறேன், அவளே வருகிறாள். படங்கை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். நான் கேட்கவில்லை. அவளாகக் கொண்டு வந்தாள்.

"அத்தான், முதல் பிள்ளையளுக்குப் பிடியுங்கோ. மீனைக் குவிச்சுக் கிடுகால மூடிப்போட்டு வந்தனான். கனநேரம் தாங்காது. காணுமான அளவு நிரம்பின உடன தாங்கோ," என்றாள்.

நான் ஓம் என்றேன். ஓம் என்று சொன்னது உண்மை. அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

காற்றுக்குக் கம்புகள் நிற்கவில்லை. ஒன்று முறிந்தது. ஆகவே கையால் பிடிக்கவேண்டி வந்தது. எட்டுப் பேர் சுற்றி நின்று பிடித்தார்கள். பதிந்த மூலைதான் முக்கியம். அதைப் பிடிப்பவர் சற்று ஆடினால் தண்ணீர் குடத்துக்குள் போகாது, மணலுக்குப் போய்விடும். விட்டால் படங்கில் உள்ள தண்ணீர் முழுக்கப் போய்விடும். அக்கினேஸுக்குக் கை ஆடாது. மீன் வெட்டுகிற கை. அந்த மூலையை அவளிடம் கொடுத்தேன். நான் அவளுக்கு முன்னால் குந்தியிருந்து குடம் வைத்தேன். நிரம்பிய குடத்தை எமலியானின் பெடியன்கள் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலுக்குள் பீப்பாயில் ஊற்றினார்கள். குடம் ஒன்றுக்குச் செபமாலையில் ஒரு மணி தள்ளினேன்.

"பாருங்கோ, மூப்பர் தண்ணிக்குச் செபமாலை சொல்லுறார்," என்றார் கைத்தான்.

முதல் குடத்தைப் பொலின் வாங்கிக்கொண்டு ஓடினாள். கொதிக்கவைக்கவும் இல்லை. சின்னவனுக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை இன்று ஓடித் திரிகிறது. வரும்போது கடற்கரையில் பார்த்திருப்பீர்கள், நண்டு துரத்துகிறவன். அவன்தான். அந்த மழை இல்லாவிட்டால் அவன் இல்லை.

நல்ல மழை. படங்கு வயிறு வைத்தது. பத்துக் குடம் போனது தெரியவில்லை. இருபது போனது. எல்லாருக்கும் ஒரே சந்தோசம். திரேசம்மா வாயைத் திறந்து வானத்தைப் பார்த்து நின்றாள். அட்டை குளிக்கிற பெடியன்கள் இரண்டு பேரும் பாட்டுப் பாடினார்கள். நான் மனதில் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆளுக்கு ஒரு குடம் என்றால் பத்தொன்பது. அது எப்போதோ தாண்டிவிட்டது. ஆளுக்கு இரண்டு என்றால் முப்பத்தெட்டு. இடையில் நிறுத்தினால் பங்கு சரிவராது. முப்பத்தெட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

முப்பத்திநாலாவது குடத்தில் மழை மெலிந்தது. நிற்கவில்லை. தூறலும் காற்றுமாக மாறியது. அப்போது யூடித் ஓடி வந்தாள். தலை முழுக்க நனைந்து, கையில் ஒரு கிடுகுத் துண்டு.

"அம்மா, காத்து கிடுகைத் தூக்குது. என்னால பிடிக்க ஏலாம இருக்கு."

அக்கினேஸ் என்னைப் பார்த்தாள். "அத்தான், காணும்தானே? படங்கைத் தாங்கோ."

நான் சொன்னேன், "இன்னும் நாலு குடம்."

கைத்தான் மற்றப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றவர், "என்ன மூப்பர், பிள்ளையள் குடிச்சாச்சு. பீப்பா நிறையக் கிடக்கு. காணும், குடுத்து விடுங்கோ. வேணுமெண்டா என்ர பங்கில ரெண்டைக் குறையுங்கோ," என்றார்.

"ஒருவற்ர பங்கைக் குறைச்சா மற்றவை என்ன சொல்லுவினம்?" என்றேன்.

"மற்றவை ஆர்? இஞ்ச நிக்கிறம்தானே மற்றவை. ஆரும் ஏதும் சொல்லுறமே?"

அட்டை குளிக்கிற பெடியன்களில் மூத்தவன் சொன்னான், "ஐயா, எங்களுக்குப் பங்கு வேண்டாம். நாங்கள் காத்து விட்டாப் போறவங்கள். எங்கட ரெண்டு பேரையும் கழிச்சா உங்கட கணக்கும் சரிவரும்."

அவன் சொன்னது சரி தம்பி. பதினேழு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்றால் முப்பத்திநாலு. அவன் கெட்டிக்காரப் பெடியன். ஆனால் நான் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? அவர்கள் வெளியாட்கள். நாளைக்குப் பெரிய தீவுக்குப் போய், எங்களுக்குத் தண்ணீர் தராமல் மூப்பர் தன் தம்பி பெண்சாதியின் மீனுக்குப் படங்கைக் கொடுத்தார் என்று ஒரு சொல் சொன்னால் போதாதா? வேறு யாருடைய மீனாக இருந்திருந்தாலும் நான் யோசித்திருப்பேன். திரேசம்மாவின் மீன் என்றால் கொடுத்தே இருப்பேன். அக்கினேஸ் என்றபடியால்தான் கொடுக்க முடியாமல் போனது. இது ஒருவருக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைக்கிறேன்.

"உங்கட அப்பர் ஒரு தரம் பங்கு குறையத் தன்ர பங்கை விட்டவர். எனக்கு நினைவிருக்கு," என்றார் கைத்தான்.

அப்பாவுக்குக் கணக்கு அவ்வளவு வராது. நான் அதைச் சொல்லவில்லை. "பிடியுங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

"இந்த ஆள் மோட்சத்து வாசல்ல நிண்டாலும் தலை எண்ணிப்போட்டுத்தான் சம்மனசுகளை உள்ள விடுவார்," என்று கைத்தான் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

முப்பத்திநாலு குடம் நிரம்ப எடுத்த நேரமும் அந்த நாலு குடம் நிரம்ப எடுத்த நேரமும் ஏறக்குறைய ஒன்று. தூறல் அப்படி. மேலே மழை இல்லை, ஆனால் காற்றோடு பக்கவாட்டில் வந்து கிடுகுக்கு அடியால் போகிற மழை. முப்பத்தைந்து. முப்பத்தாறு. யூடித் போவதும் வருவதுமாக இருந்தாள். "அம்மா, அடியால தண்ணி ஓடுது," என்றாள் ஒரு தரம். அடுத்த தரம் வந்தவள் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கினேஸ் மூலையை விடவில்லை. விட்டிருக்கலாம். நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் கையை எடுத்திருந்தால் படங்கில் கிடந்த தண்ணீர் மணலுக்குப் போயிருக்கும், நானும் ஒன்றும் செய்திருக்க முடியாது, படங்கை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். அவள் விடவில்லை. கை ஆடவும் இல்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, குடத்தின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் கையைக் கண்டேன். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

முப்பத்தெட்டு.

செபமாலையைச் சட்டைப் பையில் போட்டேன். அக்கினேஸ் மூலையை மெதுவாக மணலில் வைத்தாள். அப்போது கேட்டாள்: "மூப்பர், கணக்குச் சரியோ?"

"சரி," என்றேன்.

அவள் கல்யாணம் கட்டி வந்த நாளில் இருந்து என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். மூப்பர் என்று மதிப்பாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். ஊருக்கு முன்னால், கோயில் முற்றத்தில். என் கணக்கின் நியாயம் அவளுக்காவது விளங்கிவிட்டது என்று எனக்கு அப்போது ஒரு ஆறுதல் வந்தது. பொய் சொல்லக் கூடாது, சந்தோசம் என்றே சொல்லலாம்.

பிறகு எல்லாரும் படங்கைத் தூக்கிக்கொண்டு அவள் வளவுக்கு ஓடினோம். நானும் ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். மீன் குவியலின் மேல்பக்கம் அவ்வளவு பழுதில்லை. கையை விட்டுப் பார்த்தால் உள்ளே ஊறிப்போய் இருந்தது. எமலியானின் மனைவி, பரவாயில்லை அக்கா, நாளைக்கு வெயில் எறிக்கும் என்றாள். ஆவணியில் மழை பெய்தால் ஒரு நாளோடு விடும். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அடுத்த நாள் வெயில் இல்லை. அதற்கு அடுத்த நாளும் மூட்டம். உப்புத் தண்ணீரில் திரும்ப அலம்பிப் பார்த்தாள், அடுப்புப் புகையில் பிடித்துப் பார்த்தாள். முக்கால் காய்ச்சல் மீன் நனைந்து கிடந்தால் என்ன ஆகும் என்று கரையூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள் புழு வைத்தது. நாலாம் நாள் தாயும் மகளும் கடகத்தில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினார்கள். யாரையும் உதவிக்கு வர விடவில்லை. கடற்பறவைகள் அவ்வளவும் அங்கே நின்றன.

ஐந்தாம் நாள் காற்று விழுந்து வள்ளம் வந்தது. கருவாட்டு முதலாளி தகரத்தை இறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

பங்கு பிரித்த கதையைச் சொல்லாமல் விட்டேனே. மழை பெய்த அன்று பின்னேரமே பிரித்தேன். ஆளுக்கு இரண்டு குடம், ஒரு சொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூசைமுத்துவின் தாய்க்குப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டை குளிக்கிற பெடியன்கள் தங்கள் நாலு குடத்தைப் பொலினுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கின பிறகு யாருக்குக் கொடுத்தாலும் அது அவர்கள் பாடு. அக்கினேஸுக்கும் யூடித்துக்கும் சேர்த்து நாலு குடம். அவள் வரவில்லை. நான் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் மீன் பரணுக்குக் கீழே குந்தியிருந்தாள். வாசலில் வைத்துவிட்டு, "உன்ர பங்கு," என்றேன். அவள் தலை நிமிரவில்லை. யூடித் ஓடி வந்து ஒரு குடத்தைத் தொட்டாள். தாய், "வையடி," என்றாள். பிள்ளை வைத்துவிட்டது.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இதைக் கவனியுங்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் மற்றப் பதினேழு பேருக்கும் பிரித்திருப்பேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. ஆகவே அது அவளுடையது. இருட்டும் வரை பார்த்துவிட்டுத் திரும்பத் தூக்கி வந்து இந்தத் தாழியில் ஊற்றினேன்.

புரட்டாதியில் தமையன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். பெட்டி இரண்டு, பாய், மீன் வெட்டுகிற கத்தி. நான் இறங்குதுறைக்குப் போய் நின்றேன். "மாரிக்கு முந்தி ஒரு தரம் வந்து தண்ணியை எடுத்துக்கொண்டு போ," என்று சொன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கைத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வேறு எதைச் சொல்வது தம்பி? என்னிடம் இருந்தது அதுதான். யூடித் மட்டும் வள்ளத்தில் இருந்து கை காட்டினாள். கொஞ்சத் தூரம் போனதும் அவளும் திரும்பி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஆவணி மழை வரவில்லை. வந்தாலும் பிடிக்க ஆள் இருக்குமோ தெரியாது. எமலியானும் பிள்ளைகளோடு பெரிய தீவுக்குப் போய்விட்டான். சூசைமுத்துவின் தாய் இல்லை. படங்கு மடித்தபடியே, பூசைச் சாமான் வைக்கிற சக்கிறீஸ்து அறையில் கிடக்கிறது. இரவல் கேட்டு யாரும் வருவதில்லை. நான் இல்லை என்றா சொல்லப்போகிறேன்.

இல்லை, மூன்று வருடத்துப் பழைய தண்ணீர் இல்லை. அவ்வளவு விசரன் இல்லை நான். ஒவ்வொரு மாரியிலும் பழையதை நான் குடித்துத் தீர்த்துவிட்டு, என் பங்கில் இருந்து புதுத் தண்ணீர் நாலு குடம் அளந்து ஊற்றித் துணி கட்டி வைக்கிறேன். வெக்கைக்குக் கொஞ்சம் குறையும். அதையும் நிரவி விடுவேன். ஒரு குடம் என்றால் இந்தத் தகரப் பேணியால் நாற்பது பேணி. நானே அளந்து பார்த்தது. போன சோளகத்தில் ஒரு கிழமை வள்ளம் வராதபோது திரேசம்மா வந்து கேட்டாள், "அந்தத் தாழித் தண்ணியைத் தாங்கோவன் மூப்பர், அவள் வரவே போறாள்?" என்று. என் குடத்தைக் கொடுத்தேன். தாழியைக் கொடுக்கவில்லை. அடுத்தவருடைய பொருளைக் கொடுத்துப் பேர் வாங்குகிற ஆள் நான் இல்லை.

அது கிடக்கட்டும். வள்ளம் வெளிக்கிடப்போகிறது, ஊதுகிறான். உங்கள் போத்தலைத் தாருங்கள். இந்த வெறும் போத்தலைத்தான். மூன்று பேணி பிடிக்கும். அதிகம் பாரம் இல்லை.

கரையூரில் சந்தைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை. ஒழுங்கை முடிவில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதாம். இரவு பகலாகத் தண்ணீர் வருமாம். குழாய்க்குப் பக்கத்து வீடுதான். அக்கினேஸ் என்று கேட்டால் சொல்லுவார்கள். இப்போதும் மீன் வெட்டப் போகிறாள் என்று கேள்வி. சிரிக்காதீர்கள் தம்பி. குழாயில் வருவது ஊர்த் தண்ணீர். இது அவளுடைய தண்ணீர். அவளே பிடித்தது. சரி, அவள் பிடித்ததற்குப் பதிலாக நான் வைத்தது.

வாங்கமாட்டாள். வாங்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். மூப்பர் தந்தவர் என்று சொல்லுங்கள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். ஒருவேளை, கேட்கமாட்டாள், ஒருவேளை அவளாக, அத்தான் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், அடுத்த முறை கம்பம் நட வரும்போது எனக்குச் சொல்லுங்கள். என்ன சொல் சொன்னாள் என்று சரியாகச் சொல்லவேண்டும். மாற்றிச் சொல்லாதீர்கள்.

பிடியுங்கள். போத்தலை ஆட்டாமல் பிடியுங்கள். ஒன்று. இரண்டு. என் கைதான் நடுங்குகிறது. அவளுக்கு ஆடாது. மூன்று. கீழே சிந்தியது அரைப் பேணி வரும். அதை அவள் கணக்கில் சேர்க்கவேண்டாம். அது என்னுடையது, நான் என் குடத்தில் இருந்து ஊற்றிவிடுவேன்.

மிச்சம் மூன்று குடமும் முப்பத்தேழு பேணியும்.